பட்டியலில் இல்லாத ஆள்

லியன் யுவெ-சியா யாரையும் நம்பமாட்டாள். இதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. காலைச் சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். பார்த்த பிறகு மீன்காரியின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பாள். வானிலை அறிக்கையில் மழை என்றாலும் குடை எடுப்பாள், மழை இல்லை என்றாலும் எடுப்பாள். கல்யாணமான புதிதில், ஸ்டேஷன் போனிலிருந்து "கிளம்பிட்டேன்" என்ற புருஷனிடம், "எங்க, ரயில் சத்தத்தைக் கேக்க விடு" என்று சொன்னவள் அவள். அந்த மனிதர் பாவம், ரயில் வரும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்படிப்பட்ட ஒருத்தியைப் பதிவறையில் உட்கார வைத்தது வெய் டாக்டரின் அதிர்ஷ்டம் என்றுதான் யிங்கேயில் எல்லோரும் சொல்வார்கள். மண்ணைக் குழைத்துச் சுட்டுப் பிழைத்த ஊர் அது. ஓடு, கழிவறைப் பீங்கான், தேநீர்க் கெண்டி என்று எதையாவது சுட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆலைகளில் தூசி தின்றவர்களுக்கு வருடம் ஒருமுறை மார்புப் படம் எடுக்கவேண்டும், எடுத்த படத்தை முப்பது வருடம் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். படம் எடுத்தது வெய் டாக்டரின் கிளினிக்; வைத்திருந்தது யுவெ-சியா. இருபத்தைந்து வயதில் அந்த அறைக்குள் போனவளுக்கு இப்போது ஐம்பத்தேழு.

எக்ஸ்ரே படங்களுக்கு ஈரம் ஆகாது. யிங்கேயிலோ வருடத்தில் எட்டு மாதம் சுவரே வியர்க்கும். ஈரம் உறிஞ்சும் எந்திரம் இரண்டு ஓடியும், பழைய படங்கள் காடி வாடை அடிக்க ஆரம்பித்தன; சில படங்களில் விலா எலும்புக்கு மேலேயே பூஞ்சை படர்ந்தது. "இது நோயாளிக்கு வந்த நோயா, படத்துக்கு வந்த நோயா?" என்று டாக்டர் ஒரு நாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார். அடுத்த வாரம் ஷி மேனேஜர் வந்து நின்றார்.

ஷி மேனேஜரின் கம்பெனியில் அவருக்குக் கீழே ஒருவரும் கிடையாது. விற்பதும் அவர், வேலை பார்ப்பதும் அவர், போனை எடுப்பதும் அவர். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் விளக்கினார்.

"கிளவுட்ல ரெண்டு விதம் இருக்கு அக்கா. அடிக்கடி எடுக்கிறதுக்கு ஒண்ணு, அது விலை கூட. போட்டுட்டு மறந்துடறதுக்கு ஒண்ணு. உங்களுக்கு இந்த ரெண்டாவது போதும். உங்க படம் மொத்தத்துக்கும் மாசம் நாலு பேர் நூடுல்ஸ் சாப்பிடற காசுதான்."

"இவ்வளவு மலிவா யாரு குடுப்பா? மிச்சத்தை எதுல புடிப்பீங்க?"

"எடுக்கும்போது புடிப்போம்," என்றார் அவர். நேர்மையான ஆள்தான். "போடறது மலிவு, எடுக்கிறதுக்குத் தனிக் காசு. கேட்ட உடனேயும் வராது. பன்னெண்டு மணி நேரம் ஆகும், சில சமயம் ரெண்டு நாள்."

"ரெண்டு நாளா? எங்க வெச்சிருக்கீங்க, கடலுக்கு அடியிலயா?"

"டேப்பா இருக்கலாம், அணைச்சு வெச்ச டிஸ்க்கா இருக்கலாம். அது எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது அக்கா."

"விக்கிறவருக்கே தெரியாதாம். டாக்டர், காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு," என்றார் வெய் டாக்டர். "உன் அறையில எல்லாம் எங்க இருக்குன்னு நல்லாத் தெரியுது. பூஞ்சை உட்பட. ஏத்து."

ஏற்றினாள். ஒரு வருடம் முழுக்க ஒவ்வொரு படமாக ஸ்கேனரில் வைத்து எடுத்தாள். படத்தின் பெயரிலேயே தேதி, ஆளின் பெயர், அன்றைக்கு டாக்டர் எழுதிய குறிப்பு எல்லாம் வருகிற மாதிரி அடித்தாள். பிறகு ஒவ்வொரு வருடத்துப் படங்களுக்கும் ஒரு படிவம்: எந்த ஆண்டு எடுத்தது, எத்தனை வருடம் வைத்திருக்கவேண்டும். முப்பது, முப்பது, முப்பது என்று நிரப்பினாள். கெடு முடிந்தவற்றைக் கிளவுட் கிடங்கே பார்த்து அழித்துவிடும், நீங்கள் தலையிட வேண்டியதில்லை என்றார் ஷி. எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, பழைய படங்களையும் பதிவேடுகளையும் டாக்டர் வண்டியில் ஏற்றிவிட்டார். படத்தில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவன் எடை போட்டு வாங்கிக்கொண்டு போனான். பதிவேடுகள் காகித ஆலைக்குப் போயின. வண்டி திரும்பும்வரை யுவெ-சியா சந்து முனையில் நின்று பார்த்தாள்.

ஆனால் விட்டுவிடுகிற ஆளா அவள்? மாதத்தின் முதல் திங்கட்கிழமை வந்தால் மாஜோங் ஆட்டப் பெட்டியைத் திறப்பாள். எண் போட்ட கட்டைகளைக் கவிழ்த்துக் கலைத்து, ஐந்து எடுப்பாள். வெள்ளைக் கட்டை வந்தால் சுழியம். வந்த எண்ணைக் கிளவுட் பட்டியலில் தேடி, அந்த வரிசையில் இருக்கும் படத்தைத் திருப்பிக் கேட்பாள். பட்டியலைத் தாண்டிய எண்ணாக வந்தால் மறுபடி கலைப்பாள். அவளாகத் தேர்ந்தெடுத்தால் அவள் மனம் எங்கே போகும் என்று கம்பெனிக்காரன் கணித்துவிடுவானாம். கட்டையைக் கணிக்க முடியாதாம்.

"போட்டதைத் தொடாம இருந்தாத்தான் மலிவுன்னு அந்த ஆள் சொன்னான்," என்று டாக்டர் பில்லைப் பார்த்துப் புலம்புவார். "நீ மாசாமாசம் தோண்டி எடுக்கிறே."

"தொடாமலே இருந்தா அது இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு யுவெ-சியா."

"அதை வெச்சுக்கிட்டு நீங்க இருங்க டாக்டர். பட்டியலை நான் பார்த்துக்கறேன்."

இருபத்தொன்பது மாதம் சோதித்தாள். இருபத்தொன்பது தடவையும் கேட்ட படம், ஒரு புள்ளி குறையாமல், இரண்டு நாளில் வந்து சேர்ந்தது. அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் முப்பது வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு ஒன்றின் மேல் நம்பிக்கை விழுந்தது. புருஷன் மேலே விழாத நம்பிக்கை, அந்தப் பட்டியல் மேலே விழுந்தது.

அக்டோபர் பதினான்காம் தேதி லோ சாய்-தாவ் வந்தாள். அறுபத்தாறு வயது, குள்ளமான பெண், கையில் ஒரு துணிப்பை நிறையக் காகிதம். அவளுடைய கணவர் பான் தியென்-லூ ஓடு செய்யும் கம்பெனியின் அரவை ஆலையில் பதின்மூன்று வருடம் வேலை பார்த்தவர். இப்போது மூச்சு வாங்காமல் கழிவறைவரை நடக்க முடியாது. தொழில்நோய் என்று காப்பீட்டு அலுவலகத்தில் மனு போட்டிருக்கிறார்கள். வேலை பார்த்த காலத்திலேயே நுரையீரல் கெட்டது என்பதற்கு அப்போது எடுத்த படம் வேண்டும், இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் வேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. கம்பெனி இழுத்து மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. படம் இருந்தால் இங்கே மட்டும்தான் இருக்கும்.

"எண்பத்து நாலாம் வருஷம் எடுத்தது தங்கச்சி," என்றாள் சாய்-தாவ். "ஜூன் மாசம். இங்க டாக்டரே கூப்பிட்டு, புள்ளி மாதிரி தெரியுது, மறுபடி வாங்கன்னு சொன்னாராம். போகலை மனுஷன். அப்ப சின்னது ஸ்கூல்ல."

யுவெ-சியா பெயரை அடித்தாள். பட்டியல் ஒரு நொடியில் பதில் சொன்னது. ஒன்றும் இல்லை.

"இல்லையே."

"பேரைச் சரியா அடிச்சியா? தியென், அப்புறம் லூ."

"சரியாத்தான் அடிச்சேன். வேற எழுத்துலயும் பார்த்துட்டேன். ஒரு வருஷத்துக்கும் இல்லை."

"அவர் வருஷாவருஷம் வந்தாரே."

யுவெ-சியா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். இந்த மாதிரி நேரத்தில் அவளுக்கு ஒரு முகம் வரும்; மீன்காரிக்கு நன்றாகப் பழக்கமான முகம். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. புள்ளி இருக்குன்னு தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்துகிட்டு, பரிசோதனைக்கு டிமிக்கி குடுத்தவங்க அந்தக் காலத்துல நிறையப் பேர். கம்பெனி வண்டியில ஏறுவாங்க, இங்க இறங்கி டீக்கடைக்குப் போயிடுவாங்க. வீட்டுல வந்து எடுத்தாச்சும்பாங்க."

"எங்க வீட்டுக்காரர் பொய் சொல்லமாட்டார்."

"எல்லா வீட்டம்மாவும் இங்க வந்து இதைத்தான் சொல்றாங்க."

சாய்-தாவின் முகம் சிவந்தது. பையின் காதைத் திருகிக்கொண்டே, "அவரோட வேலை பார்த்த வேற யாரையாவது தேடிப் பாரேன்," என்றாள்.

"அடுத்தவங்க பதிவைத் திறக்கக் கூடாது அக்கா. சட்டம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதிவு இல்லை என்று அலுவலகத்துக்குக் காட்ட ஒரு சீட்டு வேண்டுமா என்று அவளே கேட்டாள். எழுதினாள்: மேற்படி பெயரில் எங்களிடம் பரிசோதனைப் பதிவு எதுவும் இல்லை. கிளினிக்கின் சிவப்பு முத்திரையை மையில் ஒற்றி, மூலை நான்கும் தெளிவாக விழும்படி அழுத்திக் குத்தினாள். முத்திரை விழுந்த காகிதத்தை இந்த ஊரில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். சாய்-தாவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

அப்புறம்தான் அரிப்பு ஆரம்பித்தது. வேற யாரையாவது தேடிப் பாரேன். பாத்திரம் தேய்க்கும்போது அது வந்தது, பஸ்ஸில் வந்தது. டிமிக்கி கொடுத்தவன் மனைவி இப்படிக் கேட்பாளா? கணவன் பொய் சொல்லியிருப்பான் என்று ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தால், இன்னும் நாலு பேரைத் தேடச் சொல்வாளா? சந்தேகப்படுவதில் முப்பது வருடம் ஊறியவளுக்கு, சந்தேகமே இல்லாத ஒரு முகத்தை அடையாளம் தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்ததுதான் தொல்லை.

ஒன்பதாம் நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கூட வைக்காமல், அவள் பட்டியலைத் திறந்தாள். அடுத்தவர் பதிவைத் திறக்கக் கூடாது, சரி. சொந்தப் பதிவைத் திறக்கலாம் அல்லவா? எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் வேலை என்பதால் டாக்டர் அவளுக்கும் வருடாவருடம் படம் எடுப்பார். எண்பத்திரண்டிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. தன் பெயரை அடித்தாள்.

முதல் வரி: தொண்ணூற்றைந்து. அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

பதின்மூன்று வருடம் அவளும் டீக்கடைக்குப் போய்விட்டாளாம்.

ஒவ்வொரு வருடமாகப் போட்டுப் பார்த்தாள். எண்பதிலிருந்து தொண்ணூற்று நான்குவரை ஒரே ஒரு படம்கூட இல்லை. பட்டியல் வருடப்படி இல்லாமல் பெயர்ப்படி இருந்ததால் ஓட்டை கண்ணில் படவே இல்லை. மாஜோங் கட்டை போட்டுப் போட்டு அவள் சோதித்தது இருப்பதைத்தான். இல்லாமல் போனது எப்படிக் கட்டையில் வரும்? ஏற்றியது எத்தனை, இப்போது இருப்பது எத்தனை என்ற ஒரே ஒரு கேள்வியை, ஊரில் உள்ள அத்தனை கேள்வியையும் கேட்கிற இவள் கேட்கவில்லை.

"திருடன்," என்று சொல்லிக்கொண்டே ஷி மேனேஜருக்குப் போன் போட்டாள். "என் படமெல்லாம் எங்கய்யா? பதினஞ்சு வருஷத்தை முழுங்கிட்டு மாசாமாசம் காசு வாங்குறியா?"

"கத்தாதீங்க அக்கா, பட்டியல்ல இல்லைன்னா அழிஞ்சிருக்கும். அழிச்சதுக்கும் ஒரு பதிவு இருக்கும். அனுப்பறேன், பாருங்க."

பத்து நிமிடத்தில் வந்தது. பதினாறாயிரத்துச் சொச்சம் வரி. தன் பெயரைத் தேடவில்லை; பான் பெயரைத்தான் தேடினாள். இருந்தது. ஜூன் பதின்மூன்று, பான் தியென்-லூ, மார்பு, மறுபரிசோதனை தேவை. அதற்குப் பக்கத்தில் கிடங்கு தன் கணக்கை எழுதியிருந்தது: எடுத்த ஆண்டு 1984. கெடு முடிந்தது 2014. அழிக்கப்பட்டது 2023.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலா? அப்போது இந்தக் கிளினிக்கே கிடையாது. வெய் டாக்டர் படித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தீவில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து மின்சார பில் வரை எல்லாவற்றிலும், குடியரசு பிறந்ததிலிருந்து எண்ணும் குடியரசு ஆண்டுதான். வெளிநாட்டுக் கணக்கிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றைக் கழித்தால் வருவது. எண்பத்து நாலு என்றால் இங்கே பிறந்த யாருக்கும் அது 1995. படிவத்தில் யோசிக்காமல் அவள் எண்பத்து நாலு என்று போட்டாள். எங்கேயோ இருக்கிற கிடங்கு அதற்கு முன்னால் பத்தொன்பதைத் தானே சேர்த்துக்கொண்டது. பதினோரு வருடம் முன்கூட்டியே கெடு முடிந்துவிட்டது. ஏற்றிய அன்றே பெரும்பகுதியை அழித்து, மீதியை வருடம் ஒன்றாக அழித்துக்கொண்டு வந்திருக்கிறது.

"நீ ஏன் சொல்லலை?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"நூறாம் வருஷத்துக்கு வந்தப்ப, மூணு இலக்கத்தை வாங்காம படிவம் சிவப்பா காட்டுதுன்னு போன் பண்ணீங்களே அக்கா. வெளிநாட்டு வருஷம் போடுங்கன்னு சொன்னேன். முன்னாடி போட்டதையும் திருத்தியிருப்பீங்கன்னு நினைச்சேன். நீங்க அப்படி விடற ஆள் இல்லையே."

விட்டிருந்தாள். சிவப்பு காட்டாமல் ஏற்றுக்கொண்டதை எதற்குக் கிளறவேண்டும் என்று விட்டிருந்தாள்.

"திரும்ப எடுக்க முடியுமா?"

"முடியாது அக்கா. அழிஞ்சா அழிஞ்சதுதான். தொண்ணூத்தஞ்சாம் வருஷம் இந்த டிசம்பரோட போயிருக்கும், நல்லவேளை. அதை இப்பவே நிறுத்திடறேன்."

யாரையாவது திட்டவேண்டும் போல் இருந்தது. திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பிறத்தியார் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தன் கையைப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அழுகை வந்தது, அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். லியன் யுவெ-சியா ஆகிய நான் ஆண்டைத் தவறாகப் பதிந்ததால் பான் தியென்-லூவின் படம் அழிந்தது. அவர் பரிசோதனைக்கு வந்தது உண்மை. மறுபரிசோதனை தேவை என்று டாக்டர் எழுதியதும் உண்மை. சான்றாக அழிப்புப் பதிவை இணைத்திருக்கிறேன். முந்தைய சீட்டு செல்லாது. அதை வெய் டாக்டரின் மேஜையில் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இதை அலுவலகத்துல குடுத்தா அபராதம் வரும், தெரியுமில்ல?"

"என் பேரைப் போட்டுத்தான் எழுதியிருக்கேன். என்னை வேலையை விட்டு எடுத்துட்டேன்னு சொல்லிடுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். அவர் எதையாவது மழுப்பி எழுதப் போகிறார் என்று யுவெ-சியா எட்டிப் பார்த்தாள். "லியன் யுவெ-சியா ஆகிய நான்" என்பதை அடித்துவிட்டு, "நாங்கள்" என்று எழுதினார். முத்திரைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "படத்தை வித்தது நான்தானே. சுத்தமா எழுதிக் கொண்டுவா."

மலைச்சரிவில், புகையாத சூளைக் குழாய்க்குப் பின்னால் இருந்தது பான் வீடு. வாசலில் சாய்-தாவ் சர்க்கரைவள்ளிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யுவெ-சியாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்ன சீட்டு?"

யுவெ-சியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். "திங்கட்கிழமை நானே உங்களோட அலுவலகத்துக்கு வரேன் அக்கா. படம் மாதிரி ஆகாதுதான். ஆனா இதையும் எடுத்துப்பாங்க, கேட்டுட்டேன். அவர் பொய் சொல்லலை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

சாய்-தாவ் காகிதத்தை வாங்கவில்லை. ஆய்ந்த கீரையையும் ஆயாத கீரையையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தாள்.

"அன்னைக்கு உன் சீட்டைக் கொண்டுவந்து அவர் முன்னாடி வெச்சேன்," என்றாள். "முத்திரை போட்டிருக்கு, என்ன சொல்றீங்கன்னு கேட்டேன். அவர், படம் எடுக்கச் சட்டையைக் கழட்டிட்டு நின்னேன், தகடு ஜில்லுன்னு இருந்துச்சுன்னு திரும்பத் திரும்பச் சொன்னார். போதும், இன்னும் எவ்வளவு பொய் சொல்லுவீங்கன்னு கத்திட்டேன். ஒரு வாரமா அவர் பேசலை. நேத்துதான் வாயைத் திறந்து, ஒருவேளை நான் போகலையோ என்னவோன்னு சொல்றார்."

உள்ளே ஜன்னல் ஓரம் பான் தியென்-லூ மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். அரவை ஆலையில் காதும் போய்விட்டிருந்தது. யுவெ-சியா அவர் முன்னால் குனிந்து உரக்கச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க வந்தீங்க! எண்பத்து நாலு, ஜூன் பதிமூணு. வந்தீங்க, படம் எடுத்தோம். நான் தொலைச்சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"நீ நம்பாததுக்கு என்ன," என்றார். "உனக்கு நான் யாரு? ஆயிரம் பேர்ல ஒருத்தன்." அவர் பார்வை வாசற்படியில் நின்ற சாய்-தாவிடம் போனது. "கேட்டியா? நான் போனேனாம்."

"கேட்டேன்," என்றாள் சாய்-தாவ்.

அவள் வந்து அவருடைய சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட ஆரம்பித்தாள். எல்லாப் பொத்தானும் போட்டுத்தான் இருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி போட்டாள். அவர் அவள் கையைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.